புற்றுமண் வாளியில் கொசுப்புழு

இன்று காலை எங்கள் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்க நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்தார். எங்கள் பகுதிக்குப் புதியவர், வழி தெரியாது. நானே முன்னால் நடந்தேன்.

எதிர்வீட்டுத் தேங்காய்ச் சிரட்டை, மூலைவீட்டுப் பழைய டயர், எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தவன் நான்தான். இரண்டிலும் தண்ணீர் இருந்தது, புழு இல்லை. தப்பித்தார்கள்.

"புழு இருந்தா நோட்டீஸ் குடுத்துருங்க சார். ஆளு யாருன்னு பாக்காதீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணாச்சி, அப்படியே உங்க வீட்டையும் பாத்துருதேன்" என்றார்.

"தாராளமா பாருங்க. டெல்லியில இருந்து ஆள் வந்து தேடுனாலும் இங்கன ஒண்ணும் கெடைக்காது."

நேராகக் கொல்லைப்புறம் போனார். அங்கே ஒரு வாளி. பாம்பு, தேள் அண்டக்கூடாது என்று கோயில் புற்றுமண்ணைக் கரைத்துப் போன வாரம் வீட்டைச் சுற்றித் தெளித்தேன். மிச்சம் அதில் கிடந்தது.

டார்ச் அடித்தார். உள்ளே ஒரு படையே நெளிந்தது.

"பாம்பு வராது அண்ணாச்சி. டெங்கு வந்துரும்லா."

வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்த எதிர்வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "சார், ஆளு யாருன்னு பாக்காதீங்க!" என்றார்.

என் மனைவி சிரித்த சிரிப்பு திருவேங்கடம் ஊர் வரை கேட்டிருக்கும்.

நோட்டீஸில் என் பெயரை எழுதிக்கொண்டே ஆய்வாளர் சொன்னார்: "இம்புட்டு கொழுத்த புழுவ என் சர்வீஸ்லயே பாத்ததில்ல அண்ணாச்சி."

அரசாங்க அதிகாரி வாயால் இப்படி ஒரு சொல் உங்களில் யார் வாங்கியிருக்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள், பார்ப்போம்.