பாலத்தின் நடுவில் ஒரு குதிரைக்காரன்

போன சனிக்கிழமை சுங்கைப் பட்டாணியில், ஒரு ஷாப்பிங் மாலின் கீழ்த்தளத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி. ஒரு பக்கம் ரிமோட் கார், இன்னொரு பக்கம் குட்டி ரயில். நடுவே என் மேசை. மேசைமேல் ஒரு போர்!

சிரிக்காதீர்கள். கட்டைவிரல் உயரத்தில் படைவீரர்கள், நடுவே ஒரு ஆறு, ஆற்றுக்கு ஒரே பாலம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பகடை உருட்டி, அவரவர் படையை நகர்த்த வேண்டும். பாலத்தைப் பிடித்தவர்தான் ஜெயித்தவர். கரையெல்லாம் ரப்பர் மரம். ராஜா காலத்துப் போரில் ரப்பர் மரம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்... எனக்குச் செய்ய வரும் மரம் அது ஒன்றுதான்.

இந்த ஆட்டத்துக்கு எதிராளி வேண்டும். என் எதிராளி ஆரோக்கியம். வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் நானே. நானே தாக்குகிறேன், நானே தோற்கிறேன். ஜெயித்தாலும் கைகொடுக்க ஆளில்லை. ஆன்லைனில் ஆடலாமே என்கிறார் என் மனைவி. எதிரில் ஒரு முகம் வேண்டாமா? என் ஆளைச் சாய்த்துவிட்டு அவன் சிரிக்கிற அந்தச் சிரிப்பு... அதற்குத்தான் ஏங்கிக் கிடக்கிறேன்.

ஆகவே, நான் அங்கே போனது மேசையைக் காட்ட அல்ல. எதிர் நாற்காலிக்கு ஒரு ஆள் தேடி.

கூட்டம் வந்தது. நின்றது. படம் பிடித்தது. 'பாகுஸ் லா' என்று பாராட்டியது. போய்விட்டது. மதியம் வரை இதே கதைதான். நான் சிரித்த முகத்தோடு நின்று நின்று, தாடை வலி கண்டதுதான் மிச்சம்.

அப்போது ஒரு பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். புக்கிட் செலம்பாவிலிருந்து உறவுக்காரர்களோடு வேனில் வந்திருந்தாராம். நான் அக்கா என்றேன், அவர் அண்ணே என்றார். நம்மூர்க் கணக்கு அப்படி. அவர் செய்த காரியம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மேசைக்குச் சற்றுத் தள்ளிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன்க்கா செருப்ப கழட்டிட்டீங்க?"

"கோயில்ல கொலு வச்ச மாரி இருக்குண்ணே. செருப்போட எப்படி நிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் நின்ற இடத்துக்கே போய் நின்று என் மேசையைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

சுற்றிலும் சிவப்புக் கயிறு. மேலே வரிசையாகச் சின்ன பல்புகள். மூன்று மொழியில் 'தொடாதீர்கள்'. எல்லாம் ஆரோக்கியத்தின் பழைய ஏற்பாடு. வருஷா வருஷம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிய கை அல்லவா? போரையும் குடிலாகவே கட்டியிருந்தான். நானும் அதையே அச்சுப் பிசகாமல் அடுக்கி வைத்திருந்தேன். நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இவ்வளவு அழகாக ஜோடித்து வைத்த எதையும் தொட மாட்டார்கள். கும்பிடுவார்கள், போய்விடுவார்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். எதிர் நாற்காலி இருந்ததே, நான் ஆள் தேடிய நாற்காலி... அதில் என் பை உட்கார்ந்திருந்தது.

பையை இறக்கினேன். கயிற்றை அவிழ்த்தேன். "ஒக்காருங்கக்கா" என்றேன். உட்கார்ந்தார். உடனே எனக்கு வாய் சும்மா இருக்குமா? குதிரைப்படைக்கு என்ன விதி, வில்லுக்கு எவ்வளவு தூரம், மழை பெய்தால் எத்தனை புள்ளி கழியும் என்று ஆரம்பித்தேன். அவர் கண் மெல்லச் செருப்பைத் தேடியது.

சாப்பிட வந்தவரிடம் சமையல் குறிப்பை வாசித்தால் ஓடத்தானே செய்வார்?

சட்டென்று நிறுத்தி, ஒரு குதிரைக்காரனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இவன் ஒங்க ஆளு. பாலத்த தாண்டணும். டைஸ உருட்டுங்க. வந்த நம்பருக்கு இவன் போவான். அவ்ளோதான்."

உருட்டினார். ஆறு! குதிரை பாலத்தில் ஏறியது. நான் ஒரு ஈட்டிக்காரனைக் குறுக்கே நிறுத்தினேன். அவர் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி உருட்டி, என் ஈட்டிக்காரனை ஆற்றில் தள்ளினார். தள்ளிவிட்டுச் சிரித்தார் பாருங்கள்... கண் முழுக்கச் சிரிப்பு. தோற்பதில் இத்தனை சுகமா?

"அண்ணே, ஒங்க ராஜாவ கூட்டிட்டு வாங்க, பாப்போம்!"

கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் பகடையைக் கையில் குலுக்கும்போது வாசல் பக்கமிருந்து குரல் கேட்டது. "சரசு! வேன் கெளம்புது, வா லா!"

அவர் பகடையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பகடையை மெதுவாக மேசையில் வைத்தார். "என் ஆள யாரும் நவுத்திராதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

போன் நம்பர் வாங்கவில்லையா என்கிறீர்களா? எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் வேன் போய்விட்டது. அதன்பிறகு இரண்டு மூன்று பேர் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். கயிறுதான் இல்லையே. ஆனால் பாலத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வேறு மூலையில், வேறு ஆட்களை வைத்து ஆடினோம். சாயங்காலம் பாலத்தைப் படம் எடுத்து, வீட்டில் அதேபோல அடுக்கிவிட்டேன். மேசையைத் துடைக்கவும் மனைவியை விடவில்லை.

நேற்று ஆரோக்கியம் ஜொகூரிலிருந்து கூப்பிட்டான். கதையெல்லாம் கேட்டான்.

"அவங்க எங்கடா வரப் போறாங்க? எப்பவும் மாரி ரெண்டு பக்கமும் நீயே ஆடி முடிச்சிரு லா."

முடியாது என்றேன். இப்போது அவருடைய முறை.