பக்கத்து ஆளின் மாத்திரை

போன வாரம் ஒரு மனிதரை மருந்துக் கடையிலிருந்து வெறுங்கையோடு விரட்டிவிட்டேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

புதுவாயலில் தேவகியின் மெடிக்கல்ஸ். சாயங்காலம் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்கள் வந்து நின்றால் கவுன்ட்டர் நிறைந்துவிடும். வரிசையா? அதெல்லாம் நம் ஊரில் ஏது. ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் கை நீட்டுவோம்.

நான் அங்கே மாதாமாதம் வாங்குவது மூலத்துக்கு ஒரு ஆயின்மென்ட். (இதையெல்லாம் பத்திரிகைப் பத்தியில் எழுத வேண்டிய நிலைமை… என்ன செய்ய.) சீட்டை நாலாக மடித்து நீட்டுவேன். தேவகி பிரித்துப் பார்ப்பார், பெயரை உச்சரிக்க மாட்டார், பிரவுன் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பார். மற்ற கடைகளில் உள்ளே இருக்கும் ஆளுக்குக் கேட்கட்டும் என்று மருந்தின் பெயரைக் கத்துவார்கள். அதற்குப் பயந்தே நாலு கடை தாண்டி இங்கே வருகிறேன்.

அன்றைக்கு என் பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர். முப்பது வயது இருக்கலாம். (அவர் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், இப்போதாவது.) போனில் இருந்த டாக்டர் சீட்டைத் தேவகியிடம் காட்டினார். வாய் திறக்கவில்லை. தேவகியும் பேசாமல் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். டப்பாவைப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு எதையும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்ற நினைப்பு வேறு. என் போனில் மாத்திரையின் பெயரைத் தட்டினேன். முதல் வரியிலேயே எச்.ஐ.வி. என்று வந்தது. இரண்டாவது வரியைப் படிக்கப் பொறுமை இல்லை.

அவர் கையை ஒட்டி இருந்த என் முழங்கை தானாக விலகியது. தொட்டால் ஒட்டாது என்று இதே பத்தியில் எழுதியவன் நான். எழுதிய கைதான் விலகியது.

அதோடு விட்டேனா?

“ஏம்மா தேவகி, இது எச்.ஐ.வி. மாத்திரையாச்சே… நம்ம ஊர்லயே விக்கிறியா?”

கெட்ட எண்ணம் இல்லை — விவரம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. பின்னால் நின்றிருந்த பெரியவர், “இன்னா வியாதியாம்?” என்று எட்டிப் பார்த்தார். நாலைந்து தலைகள் திரும்பின.

அந்த மனிதர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. “எனக்கில்லக்கா… வேற ஒருத்தருக்குக் கேட்டேன். அப்பால வரேன்” என்று தேவகியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலையும்வரை தேவகி என்னை நிற்க வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் பேசினார்.

“அது வியாதிக்கு இல்ல சார். வியாதி வராம இருக்கறதுக்கு. டாக்டரு எழுதிக் குடுத்து, டெஸ்ட் எடுத்துக்கினு, டெய்லி சாப்புடணும். வுட்டா பாதுகாப்பு பூடும்.”

“அவருக்கு எதுக்கு அது…”

“அத்த நான் சொல்ல மாட்டேன். நீங்க கேக்கவும் கூடாது.”

இன்னும் கேட்கிறேன் பாருங்கள். புத்தி வரவில்லை.

இதைச் சாப்பிடுகிறவர்கள் முன்பெல்லாம் ஷிஃப்டை விட்டுவிட்டு, ரயில் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டியிருந்ததாம். லீவு கிடைக்காத மாதம் மாத்திரையும் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் பேசி, ஸ்டாக்கிஸ்ட்டிடம் நடையாய் நடந்து, தேவகி இங்கே வரவழைத்திருக்கிறார்.

“ஊட்டாண்ட கெடச்சா வுடாம சாப்புடுவாங்கன்னு நெனச்சேன் சார். ஊட்டாண்டன்னா தெரிஞ்சவங்க நிப்பாங்கன்றத மறந்துட்டேன்.”

“அவர் நம்பர் இருந்தா குடும்மா. மன்னிப்பு கேட்டுடறேன்.”

“வேணாம் சார். நீங்க தேடிக்கினு போனா அவரு ஊரையே காலி பண்ணினு பூடுவாரு. கையில நாலு நாளைக்குத்தான் மாத்திரை இருக்கும். நானே போன் பண்ணிப் பாக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து இரண்டாவது வரியைப் படித்தேன். ‘வராமல் தடுக்க’ என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. வெட்கமாக இருந்தது. என் ஆயின்மென்ட்டின் பெயரை யாராவது அப்படிச் சத்தமாகப் படித்திருந்தால் நான் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பேனா? இத்தனைக்கும் எனக்கு உட்கார முடியாத தொந்தரவு மட்டும்தான்.

நேற்று மறுபடி போனேன். ஐந்தாவது நாள். கவுன்ட்டருக்கு இரண்டடி முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. ஒருவர் வாங்கி முடித்த பிறகுதான் அடுத்தவர் தாண்டலாம்.

“இன்னாக்கா இது, புச்சா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“சும்மாதான்மா” என்றார் தேவகி. என் பக்கம் திரும்பவில்லை.

என் முறை வந்ததும், “போன் பண்ணியாம்மா?” என்று கேட்டேன்.

“டெய்லி பண்றேன் சார். எடுக்க மாட்டேன்றாரு.”

கோடு போட்டாயிற்று. அவர் வர வேண்டுமே.