ராஸ்முஸ் வீட்டுக் காவா

என் அக்காள் மூதியின் கணவர் பெயர் நஹார். ஆனால் எங்கள் சவூதி ஊரான ஹாயிலில் யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. மூத்த மகனின் பெயரைச் சேர்த்து அபூ ஃபவ்வாஸ் என்பார்கள், நான் மச்சான் என்பேன். இந்த ஊரில் நான் அதிகம் சண்டை போட்டது அவரோடுதான். சண்டை போட்ட மறுநாள் காலையில் முதலில் போய் நிற்பதும் அவர் வாசலில்தான்.

இளமையில் மச்சான் ஸம்ரா கால்பந்து கிளப்பின் மாற்று கோல்கீப்பர். மாற்று என்றால் கடைசிவரை மாற்றுதான். முதல் கீப்பர் இரும்பால் அடித்த மனிதர், அவருக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை. மச்சான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார், கசங்காமல் திரும்பி வருவார். "உங்க சட்டையைத் துவைக்கிற வேலையே எனக்கில்ல" என்று மூதி கேலி செய்வாள். ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் கையுறையைக் கழற்றியவர், மைதானத்தை விட்டுப் போக மனம் வராமல், கிளப்பில் பெரியவர்கள் கூடும் மஜ்லிஸில் காவா என்கிற அரபுக் காப்பி ஊற்றத் தொடங்கினார். பகலில் நகராட்சி வேலை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்தால் கிளப்புக்கு வந்துவிடுவார். இடது கையில் கூஜா, வலது கையில் கிண்ணங்களின் அடுக்கு, முகத்தில் யாரோ தனக்குப் பெண் கொடுக்க வந்தது போன்ற சிரிப்பு.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஸம்ரா முதல் பிரிவில் ஆட வேண்டும், அங்கேயே நிலைக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போனபோது அதைத்தான் கேட்டேன் என்று என்னிடம் சொன்னார். "பிள்ளைகளுக்கு ஒண்ணும் கேக்கலையா?" என்றேன். "அதுங்களுக்கு அவங்க அம்மா கேட்டிருப்பா" என்றார்.

அந்த ஆசையின் முதல் பாதி இரண்டு வருடத்துக்கு முன் நிறைவேறியது. நாங்கள் முதல் பிரிவுக்கு ஏறினோம். அந்தச் சமயத்தில்தான் நாட்டின் கிளப்புகளுக்கெல்லாம் பணம் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தூறல் எங்கள் மலையடிவாரத்திலும் விழுந்தது. அந்தத் தூறலில் வந்தவன்தான் ராஸ்முஸ். டென்மார்க்காரன், இடது பக்கத்தில் காற்றாய் ஓடுகிறவன், வயது இருபத்தாறு. இத்தாலியில் நூறு வருடப் பழைய கிளப் ஒன்று அவனைக் கையோடு அழைத்துப்போகக் காத்திருந்தது. அவன் அதை விட்டுவிட்டு ஹாயிலுக்கு வந்தான். ஐரோப்பிய டிவிக்காரர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். கால்பந்தைக் காசுக்கு விற்றுவிட்டான், இனி அவன் கதை முடிந்தது என்றார்கள்.

நானும் அதையேதான் சொன்னேன். "காசுக்கு வந்தவன் மச்சான். காசு தீந்தா போயிடுவான்."

மச்சான் கூஜாவைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். "நீ தம்மாம்ல எண்ணெய்க் கம்பெனிக்குப் போனியே, கடல் காத்து வாங்கவா போன? அந்தச் சம்பளத்துலதான டயர் கடை வெச்ச? உன்னை எந்த டிவியாவது திட்டுச்சா?"

பேச்சில் தோற்றால் எனக்குக் கோபம் வரும். எழுந்து வந்துவிட்டேன்.

ராஸ்முஸை முதல் நாள் மஜ்லிஸுக்கு அழைத்து வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிளப் தலைவர் ஷேக் முத்லக் அவனைத் தன் வலப்பக்கம் உட்காரவைத்தார். மச்சான் காவா ஊற்றினார். அவன் குடித்தான். மீண்டும் ஊற்றினார். அவன் மீண்டும் குடித்தான். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டித் தர வேண்டும், அது எங்கள் ஊரில் பால்குடி மறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலேயே அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் ஆட்டவில்லை, மச்சான் நிறுத்தவில்லை. "பையன் நம்மள மாதிரியே குடிக்கிறான்" என்று பெரியவர்கள் பூரித்துப்போனார்கள். பாவம், அவன் முகம் சிவந்து, நெற்றி வேர்த்து, கடைசியில் ஊற்றிய கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டான்.

பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விருந்தாளி காவாவைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்று பொருள். வீட்டுக்காரர் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வீட்டின் பெயர் போய்விடும். கொலைப் பகையை மன்னிக்கச் சொல்லி வைத்த கிண்ணங்கள் உண்டு, பெண் கேட்டு வைத்தவையும் உண்டு.

ஷேக் முத்லக்கின் முகம் வெளுத்தது. இருந்தாலும் நல்ல குடியில் பிறந்தவர், என்ன ஏது என்று கேட்கவில்லை. "குடிப்பா. உன் காரியம் முடிஞ்சுது" என்றார்.

மொழிபெயர்க்கும் துனிசியாக்காரர் லுத்ஃபி அவன் காதில் விளக்கினார். ராஸ்முஸ் நம்ப முடியாமல் எல்லாரையும் பார்த்தான். பிறகு மச்சானின் கூஜாவைக் காட்டி மெதுவாக என்னவோ சொன்னான்.

லுத்ஃபி சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னார்: "ஷேக், இந்த மனுஷன் ஊத்தறதை நிறுத்தணுமாம். அவ்வளவுதானாம்."

பெரியவர்கள் சிரித்த சிரிப்பில் மஜ்லிஸின் தூண்கள் ஆடின. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. விருந்தாளியை வதைத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மூதியை விடியலில் எழுப்பி கிலேஜா பிஸ்கட் சுடவைத்து, பேரீச்சை மணம் வீசும் அந்தத் தட்டை அவரே அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அங்கிருந்து ஆரம்பித்தது அவர்கள் சிநேகம். மச்சானுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'குட்', 'பேட்', 'கோல்'. ராஸ்முஸுக்குத் தெரிந்த அரபு அதைவிடக் குறைவு. ஆனாலும் பயிற்சி முடிந்ததும் அவன் நேராக கிளப்பில் மச்சான் காவா காய்ச்சும் அடுப்படிக்கு வந்து சம்மணமிட்டு உட்காருவான். அவன் மனைவி சிக்னெ, நாலு வயது மகள் ஐடா இருவரும் வெள்ளிக்கிழமைகளில் அக்காள் வீட்டுக்கு வருவார்கள். ஐடா மச்சானை 'நஹா' என்பாள். மச்சானின் தாடியைப் பிடித்து இழுக்கும் உரிமை அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் இருந்தது. ராஸ்முஸ் ஒருமுறை டிவியில் எங்கள் வழக்கத்தைப் பற்றிப் பெருமையாகவே பேசினான்: "ஹாயிலில் விருந்தாளி கிண்ணத்தைக் கீழே வைத்தால் முதலில் கொடுத்துவிடுவார்கள், பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நானும் இப்போது அந்த ஊர்க்காரன்தான்." ஊரே அன்று அவனைக் கொண்டாடியது.

இந்த வருடக் குளிர்காலத்தில் எல்லாம் மாறியது. சிக்னெவுக்கு இரண்டாவது பிரசவம். டென்மார்க்கில் தாய் வீட்டுக்கு என்று ஐடாவையும் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, பிழைத்தது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வர வைத்தியர்கள் சம்மதிக்கவில்லை. அதே நேரம் அந்தப் பழைய இத்தாலியக் கிளப் மறுபடி ஆள் அனுப்பியது. இங்கே வாங்குவதில் கால்வாசிதான் கொடுப்பார்கள். ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம். நாங்களோ பட்டியலில் கடைசிக்கு இரண்டு இடம் மேலே, ஒரு கால் பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம். அவன் போனால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதி.

ஒப்பந்தத்தைக் காட்டி ஷேக் முத்லக் அவனை நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசு வேறிடத்தில் இருக்கும் ஆட்டக்காரனைக் கட்டாயப்படுத்தி ஆடவைத்த கதை எங்களுக்குத் தெரியும். முன்பு ஒருவன் மைதானம் முழுக்கச் சாவியைத் தொலைத்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டே நடந்தான். எனவே ராஸ்முஸ் தானாகச் சம்மதிக்க வேண்டும். மஜ்லிஸில் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"அபூ ஃபவ்வாஸ், நீ அவன் வீட்டுக்கு விருந்தாளியா போ" என்றார் ஷேக். "அவன் காவா தருவான். கீழ வை. சீசன் முடியற வரைக்கும் இருன்னு கேளு. அவனுக்கு நம்ம வழக்கம் தெரியும். உனக்கு இல்லைன்னு சொல்லமாட்டான்."

"ஷேக், வேற யாராவது..."

"வேற யாரு? அவன் உன்னைத்தான் தகப்பன் மாதிரி நினைக்கிறான்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அவன் இருக்க வேண்டும் என்ற ஆசை வெறியாக இருந்தது எனக்குத் தெரியும். பல இரவுகளாக அவர் தூங்கவில்லை என்று மூதி சொல்லியிருந்தாள்.

நான்தான் வண்டி ஓட்டினேன். வழி முழுக்க அவர் காதில் ஓதிக்கொண்டே போனேன். "குடிச்சிடாதீங்க மச்சான். பழக்கதோஷத்துல வாயில வெச்சிடாதீங்க. வாங்கினதும் கீழ வைங்க. பேசறத என் கம்பெனி இங்கிலீஷ்ல நான் பாத்துக்கறேன்."

"பேசாம ஓட்டு" என்றார்.

ராஸ்முஸே கதவைத் திறந்தான். கூடத்தில் ஐடாவின் சின்ன சைக்கிள் சாய்ந்து கிடந்தது, அதை எடுத்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. எங்களைத் தரையில் விரிப்பில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனான். ஏலக்காய் கருகும் வாசம் வந்தது. கூஜாவோடு வந்தான். இடது கையில் கூஜா, வலது கையில் கிண்ணம், மச்சான் பிடிப்பது போலவே. தான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினான். பிறகு கொஞ்சமாக ஊற்றி மச்சானிடம் நீட்டினான். முறை ஒன்றுகூடத் தப்பவில்லை.

மச்சான் வாங்கினார்.

அவன் எங்களைப் பார்க்கவில்லை. மச்சானின் கையில் இருந்த கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பையன் மறுக்கமாட்டான் என்று எனக்கும் அந்த நொடியில் தெரிந்தது. கேட்டால் கொடுத்துவிடுவான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். 'வைங்க மச்சான், வைங்க' என்று மனசுக்குள் கத்தினேன்.

மச்சான் கிண்ணத்தை வாயில் வைத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"குட்" என்றார். நிச்சயம் குட் இல்லை, பிறகு நானும் குடித்துப் பார்த்தேன், கருகல். மச்சான் மறுபடி நீட்டினார். ராஸ்முஸ் ஊற்றினான். மூன்றாவது கிண்ணத்தையும் குடித்துவிட்டு, அதை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். ராஸ்முஸ் கூஜாவைத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே முட்டி போட்டு மச்சானின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அத்தனை பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. மச்சான் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே அரபியில் என்னென்னவோ சொன்னார். அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

திரும்பும்போது வண்டியை விரட்டினேன். வாயைத் திறந்தால் மரியாதை கெட்டுவிடும்.

மஜ்லிஸில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "வெச்சியா?" என்றார் ஷேக்.

"இல்ல ஷேக். குடிச்சிட்டேன்."

"குடிச்சிட்டியா! ஏன்?"

"வெச்சா குடுத்திருப்பான் ஷேக். அதான்."

ஷேக் முத்லக் மேலாளரைக் கூப்பிட்டு, பையனை விட்டுவிடச் சொன்னார். அந்த வாரமே ராஸ்முஸ் விமானம் ஏறினான்.

மே மாதம் கடைசி ஆட்டத்தில் தோற்று நாங்கள் கீழே இறங்கினோம். மச்சான் கேலரியில் எல்லார் முன்னாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பின்னாலிருந்து எவனோ, "எல்லாம் உன் காவாவால வந்தது கிழவா" என்று கத்தினான். நான் அடிக்கப் பாய்ந்தேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கூட்டம் கலைந்தபின்னும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். நான் கேட்டுவிட்டேன்: "அன்னிக்கு வெச்சிருக்கலாமேன்னு தோணலையா மச்சான்?"

"தோணுதுடா" என்றார். "தினமும் தோணுது. இப்பவும் தோணுது." மூக்கைத் துடைத்துக்கொண்டு வெறும் மைதானத்தைப் பார்த்தார். "ஆனா அந்தக் கிண்ணத்தை மறுபடி என் கையில குடுத்தா, மறுபடியும் குடிக்கத்தான் செய்வேன்."