எங்கள் அண்ணன் கழற்றிய கடைசி போல்ட்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நம்மைப் பற்றியது.

அண்ணன் மரக்காணத்தில் பிறந்தார். அப்பா குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்தியவர். அப்பா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அதோடு படிப்பை விட்டுவிட்டு உப்புப் பாத்தியில் இறங்கினார். என்னைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினோடு மல்லுக்கட்டியே ரிப்பேர் வேலையைக் கற்றுக்கொண்டார். குழந்தைகள் இல்லை. அண்ணிக்குச் சிறுநீரகம் பழுதாகி, பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டியதானபோது, ஒரு பழைய காரை வாங்கி அவரே சரிசெய்து ஓட்டினார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அண்ணியால் நிற்க முடியாது. அதற்காகத்தான் அந்தக் கார்.

ஆனால் அது நமக்காக ஓடியதுதான் அதிகம். பிரசவமா, பெண் பார்க்கவா, ரயிலடிக்கா, எல்லாவற்றுக்கும் அண்ணனின் கார். கேட்டவருக்கு இல்லை என்று அவர் சொன்னதில்லை.

அப்படித்தான் நம் உறவில் ஒருவர் ஒரு கல்யாணத்துக்குக் காரை எடுத்துப் போனார். வழியில் ரேடியேட்டர் வற்றிவிட்டது. பக்கத்து உப்பள வாய்க்காலில் மொண்டு ஊற்றிவிட்டார். பம்ப் என்ஜினைக் குளிரவைக்க நம் ஊரில் அந்தத் தண்ணீரைத்தானே ஊற்றுகிறோம்! வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கூடப் போனவர்கள் சொல்லித்தான் பின்னால் எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நாளில் காரின் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. ரேடியேட்டர் மூடியில் பூத்திருந்த வெள்ளையை அண்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அண்ணிக்கு உதவியாக அந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன்.

"பாத்தித் தண்ணிம்மா" என்றார்.

"யாருண்ணா ஊத்தனது?"

"தெரிஞ்சு என்னா பண்ணப்போற? தெரியாம ஊத்திட்டான். வுடு."

பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டினால் போதும். மற்ற போல்ட்டுகள் வந்துவிட்டன. அடியில் இருந்த ஒன்று மட்டும் உப்பில் துருவேறி என்ஜினோடு ஒட்டிக்கொண்டது. "முரட்டுத்தனமா இழுத்தா தலை ஒடிஞ்சிடும். அப்புறம் என்ஜினையே இறக்கணும்" என்று டீசல் விட்டு ஊறவைத்தார். சுத்தியலால் மெல்லத் தட்டினார். இம்மியளவு இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்திப் பார்த்தார். அது அசையவில்லை.

டயாலிசிஸ் நாள் வந்துவிட்டது. அண்ணன் உங்களில் கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் போன் செய்தார். "வண்டி சர்வீஸ்ல இருக்குதுப்பா." "டிரைவர் லீவு." "ஏம்பா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" காரை எடுத்துப்போனவர் போனையே எடுக்கவில்லை. அண்ணியை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது கூட்டத்தில் மயங்கி என் மேலேயே சாய்ந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து அவரை அண்ணன்தான் தூக்கி இறக்கினார்.

மறுநாள் காலையிலேயே, நெம்புவதற்கு ஸ்பானரில் பைப்பைச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டார். நடுவில் எழுந்து நெஞ்சைத் தடவினார்.

"கொஞ்சம் உக்காருங்கண்ணா."

"மறுபடி அவள பஸ்ல ஏத்த மாட்டேம்மா" என்று திரும்பவும் படுத்தார்.

போல்ட் வந்தது. ஒடியாமல், முழுசாக வந்தது. "கழண்டுடுச்சும்மா!" என்று சிரித்தபடி வெளியே வந்து டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

தெரியாமல் ஊற்றினார் என்று அண்ணன் மன்னித்துவிட்டார். ஊற்றியதை நானும் மன்னிப்பேன். சொல்லாமல் மறைத்ததையும், போனை எடுக்காததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரும் இந்த மலரைப் படிப்பார், படிக்கட்டும்.

அண்ணனை மூச்சு இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க, உப்பு ஏற்ற வந்த லாரியை அப்படியே திருப்பிய முன்பின் தெரியாத டிரைவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த ஒரு வருடமாக அண்ணிக்கு முன் சீட்டைப் பிடித்துவைக்கும் கண்டக்டருக்கும், டயாலிசிஸ் நாட்களில் கூடவே போய்வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. காரியத்துக்குத் தெருமுனை வரை கார்களை நிறுத்திவிட்டு வந்து மாலை போட்ட சொந்தங்களுக்கும் நன்றி. சர்வீஸுக்குப் போன வண்டிகளெல்லாம் அன்றைக்கு நல்லபடியாகத் திரும்பியிருந்தன.

இன்றும் அதே கார்களில்தான் வந்திருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அண்ணியிடம், "எதுனா வேணும்னா சொல்லுங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வேண்டும் என்று அண்ணன் உங்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டார். நாளைக்கு அண்ணிக்கு டயாலிசிஸ். விடிந்ததும் கிளம்ப வேண்டும். யார் வண்டி வாசலுக்கு வரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.