வேலிக்குப் பின்னால் கிடந்த வாழைகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். என்னிடம் எத்தனை தரம் வாங்கிக் கட்டினாலும் முகம் சுளிக்காத ஒரே ஆள் குருநகர் அக்காதான்.

அக்கா யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். விலங்கியல் படித்து, சில காலம் ஆய்வும் செய்துவிட்டு, இப்போது எங்களைப் போன்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளையும் நிதி விண்ணப்பங்களையும் வீட்டிலிருந்தே செம்மைப்படுத்திக் கொடுக்கிறார். ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவோம். திருத்தங்களை ஆங்கிலத்தில் போடுவார். கேள்விகளை மட்டும் ஓரத்தில் தமிழில் எழுதுவார். தமிழில் கேட்டால் மழுப்ப முடியாது என்பது அவருடைய கணக்கு.

என் ஆய்வு நீர்வேலி ஊரின் வாழைத் தோட்டங்களில். வாடல் நோய் பிடித்த வாழை இலை மஞ்சளித்து, தண்டு வெடித்து, குலை முற்றுவதற்குள் சரிந்துவிடும். மண்ணில் வாழும் நல்ல பூஞ்சணம் ஒன்றைக் கொண்டு அதைத் தடுக்கலாம் என்று நம்பினேன். சில தோட்டங்களில் அதை இட்டேன். சிலவற்றை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டேன். இடைக்கிடை போய் நோய் பிடித்த வாழைகளை எண்ணி அட்டவணை போட்டேன். முதல் நிதி முடிந்து அடுத்ததற்கு விண்ணப்பித்தபோது திருப்பி அனுப்பினார்கள். ஒன்றும் இடாத தோட்டங்களிலும் நோய் இல்லையே, இல்லாத நோய்க்கு எதற்குப் பணம் என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். திருத்தி அனுப்ப ஒரு தடவைதான் இடம் தந்தார்கள். அதுவும் போனால் ஆய்வை மூடிவிட வேண்டியதுதான்.

அந்தப் பருவத்தில் நோய் குறைவு என்று நானே ஒரு காரணம் எழுதி, நல்ல ஆங்கிலமாக ஆக்கித் தாருங்கள் என்று அக்காவுக்கு அனுப்பினேன். அவர் ஆங்கிலத்தைத் தொடவே இல்லை. அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் வந்தது: "நீர் தோட்டம் பாக்கப் போறது தோட்டக்காரருக்கு முதலே தெரியுமோ?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே தொலைபேசியில் பிடித்தேன்.

"ஓம், தெரியும். முதல் நாள் சொல்லிப்போட்டுத்தான் போறனான். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிக்கலாமே அக்கா? நான் உங்களிட்டைக் கேட்டது இங்கிலிஷ்."

"சேர்ச்சிலை இருந்து பங்குச் சுவாமி வாறார் எண்டால் எங்கடை வீட்டிலை கிழிஞ்ச வலையெல்லாம் பின்னுக்குப் போயிடும்," என்றார் அக்கா, என் கோபம் காதில் விழாதவர்போல. "ஒருக்காச் சொல்லாமல் போய்ப் பாரும்."

மறுநாள் காலையில் அப்படியே போனேன். ஒன்றும் இடாத தோட்டம் ஒன்றின் படலையைத் திறந்தேன். வழக்கமாக எனக்கு இளநீர் வெட்டித் தருகிற தோட்டக்கார அண்ணை குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சளித்த வாழைகள் வரிசையாக நின்றன. என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே, பிள்ளை. ஒண்டும் துப்பரவாக்கேல்லை."

வேலிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். நான் வருகிறேன் என்று சொன்ன போதெல்லாம் கிழங்கோடு தோண்டி இழுத்துப்போட்ட வாழைகள் அங்கே காய்ந்து கிடந்தன. ஏனண்ணை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"படிச்ச பிள்ளை வெய்யிலுக்கை மினக்கெட்டு வருது. வருத்தம் பிடிச்ச தோட்டத்தையே காட்டுறது?"

வந்த கோபம் வந்தபடியே அடங்கிவிட்டது. என்னை விருந்தாளியாக நினைத்து முற்றம் கூட்டி வைத்த மனிதரிடம் எதைச் சொல்லிக் கோபிப்பது? அன்றும் இளநீர் வெட்டித் தந்தார். மற்றத் தோட்டங்களிலும் இதே கதைதான். ஆனால் பூஞ்சணம் இட்ட தோட்டங்களின் வேலிக்குப் பின்னால் கிடந்தவை மிகக் குறைவு. பூஞ்சணம் வேலை செய்திருக்கிறது என்று அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நடந்ததை எழுதினால் மதிப்பீட்டாளர்கள் சிரிப்பார்களே என்று பயந்தேன். "அதைத்தான் முதல் எழுதோணும்," என்றார் அக்கா. பழைய அட்டவணையைத் தூக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினோம். இனித் தோட்டக்காரர்களின் சம்மதத்தோடு, நாள் சொல்லாமல் போய்ப் புதிதாக அளப்பதாகவும் எழுதினோம். ஒவ்வொரு வரியையும் அக்கா இழைத்து இழைத்துத் தந்தார். நிதி கிடைத்தது. ஆய்வு பிழைத்தது.

பிறகு வந்த கட்டுரையின் நன்றியுரையில் அக்காவைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். அதை ஒரு வரியாக வெட்டி, தோட்டக்காரர்களுக்குச் சொன்ன நன்றிக்குக் கீழே போட்டு அனுப்பினார். ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தார்: "மிச்ச நன்றியை வீட்டை வந்து சொல்லும். சொல்லாமல் வாரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன். கதிரைகள் முழுக்கக் கடதாசி. தரையில் அவருடைய தம்பியின் கிழிந்த வலை. அதற்குப் பக்கத்தில் பாதி வெட்டிய கணவாய் மீன் கிடந்த சட்டி. கதவைத் திறந்த அக்கா எதையும் எடுத்து ஒளிக்கவில்லை.

"உதிலை எங்கையாவது இரும்," என்றார்.

வலைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.