போறேன் என்று சொல்லப் பழகியவள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் அந்த வாயை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஒரு ஜவுளிக்கடையில் பிழைத்தாள். கைக்குட்டை வாங்க வந்தவரைப் படுக்கை விரிப்போடு அனுப்பிவைக்கிற வாய் அது. கடையை மூடியபோது முதலாளி அழுதாரோ இல்லையோ, அவள் அழுதாள். இனி யாரிடம் போய்ப் பேசுவது? வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வருவது மொத்தம் நான்கு "ம்". அவள் ஒரு மணி நேரம் கதை சொன்னாலும் "ம்", உப்பு போதுமா என்று கேட்டாலும் அதே "ம்".

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்து நாலு வயதில் கிடைத்த வேலையைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளர். ஏழு பிள்ளைகள், ஒரு ஆசிரியை, இவள். ஆசிரியை இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், முதல் நாளே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "அக்கா, இங்க ஒரே ஒரு விதிதான். கம்மியா பேசுங்க. சொல்றத நேரா சொல்லுங்க."

மீனைக் கரையில் போட்டுவிட்டு நலமா என்று கேட்டது போலிருந்தது அவளுக்கு. ஒரே வாரத்தில் பள்ளி முழுக்க 'ரேடியோ அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

ரேடியோவின் பொறுப்பில் விட்டது எட்டு வயதுப் பெண் ஒருத்தியை. அந்தப் பெண் பேசுவது அபூர்வம். பேசினால் இரண்டு சொல், மூன்று சொல். ஆனால் கேட்கும் சொல் ஒன்றைக்கூட வீணாக்க மாட்டாள். "பாடத்துல கொஞ்சம் கண்ண வை, கண்ணு" என்றாள் ரேடியோ. பெண் குனிந்து, இமை தாளில் படுகிற அளவுக்கு நோட்டின் மேல் கண்ணை வைத்தாள். "ஒரு நிமிஷம் இரு" என்றாள். பெண் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அறுபதாவது நொடியில் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "தலைக்கு மேல வேலை கெடக்கு" என்று ஆசிரியையிடம் அலுத்துக்கொண்ட அன்று, பெண் நாற்காலியில் ஏறி நின்று ரேடியோவின் தலைக்கு மேலே பார்த்தாள். ஒன்றும் இருக்கவில்லை. "இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்றுதான் ரேடியோ அவளுக்கு நீதிபதி என்று பெயர் வைத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவளுக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். கடையில் 'இது உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு' என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள்; அதில் ஒருவர்கூட நம்பியதில்லை, தான் உட்பட. இங்கே ஒரு பிள்ளை இவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்படியே மதிப்புக் கொடுக்கிறது. அதற்காகவாவது ஒழுங்காகப் பேச வேண்டாமா? பழகிக்கொண்டாள். 'சீக்கிரம்' போய் 'மூணு நிமிஷம்' வந்தது, கூடவே மணல்கடிகாரமும் வந்தது. காலையில் படஅட்டைகளை வரிசையாக ஒட்டுவாள்: முதலில் கணக்கு, பிறகு வெளியே விளையாட்டு, பிறகு சாப்பாடு. மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே நீதிபதியின் காதில் ஹெட்போனை மாட்டிவிடுவாள். சட்டைக் காலரில் உறுத்துகிற துணி லேபிளைப் பிரிக்க, கையோடு ஒரு சின்னக் கத்தரிக்கோல். ஜவுளிக்கடைக் கை அதற்கு உதவியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சாயங்காலம் மூன்றரை வரைக்கும்.

மூன்றரைக்கு ரேடியோவுக்கு வேலை முடியும். மூன்று நாற்பதுக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஆகவே வேன் ஆயாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஓடுவாள். அவள் போன பிறகுதான் ரகளை. நீதிபதி வகுப்பு வாசலில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். எழுப்பினால் அலறல். இழுத்தால் கடி. வேன் அரை மணி நேரம் தாமதம்; மற்ற ஆறு பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கலங்கிப்போகும். மறுநாள் காலையில் ஆயா மணிக்கட்டைக் காட்டுவாள்.

"உங்க நீதிபதி நேத்தும் தீர்ப்பு எழுதிட்டா, பாருங்க. பல்லாலயே."

ஆசிரியை எல்லாம் செய்து பார்த்தாள். வேனில் இடத்தை மாற்றினாள். டிரைவரைப் பாட்டை நிறுத்தச் சொன்னாள். வேன் படத்தை அட்டையில் ஒட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தலைமை ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "வெள்ளிக்கிழமை அவங்கம்மாவ வரச் சொல்லியிருக்கேன். இனி இங்க வெச்சுக்க முடியாதுன்னு சொல்லப்போறேன். எனக்கு வேற வழி தெரியல."

ரேடியோவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளாமல் ஏற்கெனவே மூன்று பள்ளிகள் கைவிரித்தது அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பஸ் நிறுத்தம் வரை போனவள், கைப்பையைத் துழாவினாள். மூக்குக்கண்ணாடி இல்லை. தன் மறதியைத் திட்டிக்கொண்டே திரும்பி ஓடினாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலேயே அலறல் கேட்டது. வாசலில் நீதிபதி தரையோடு தரையாகக் கிடந்தாள், ஆயா ஒரு கையைப் பிடித்திருந்தாள். ரேடியோ மூச்சு வாங்க வந்து நின்றாள்.

அலறல் நின்றது. பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்தாச்சு" என்றாள். எழுந்து, முகத்தைப் புறங்கையால் துடைத்து, பையை மாட்டிக்கொண்டு, தானாக நடந்துபோய் வேனில் ஏறினாள்.

"என்ன மந்திரம் போட்டீங்க?" என்றாள் ஆயா, வாய் பிளந்து.

ரேடியோவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை அடுத்த பஸ்ஸில் நான்கு நிறுத்தம் வரைக்கும் தாங்கியது. ஐந்தாவது நிறுத்தத்தில்தான் அந்த 'வந்தாச்சு' உறைத்தது. வந்தாச்சு என்றால், வருவேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது? தினமும் மூன்றரைக்கு, வாசலில் நின்று, கன்னத்தைத் தட்டி, "கண்ணு, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடியது யார்?

நம்மில் யார்தான் 'போறேன்' என்கிறோம்? சொன்னால் ஒரேயடியாகப் போய்விடுவோம் என்று பயம். கடைத்தெருவுக்குப் போனாலும் போயிட்டு வரேன். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கப்போகிறவரிடமும் போயிட்டு வரேன். கேட்கிறவர் யாரும் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பதில்லை. நீதிபதி காத்திருந்தாள். வருகிறேன் என்றவள் வருவதற்குள் வேனில் ஏற்றினால் அலறாமல் என்ன செய்வாள்? ரேடியோ பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தன் மடத்தனத்தை நினைத்துப் பாதி. மீதிப் பாதி வேறு. இந்த வயது வரைக்கும் தனக்காக யாரும் வாசலில் உட்கார்ந்ததில்லை.

அன்று சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிப் பழகினாள். "போறேன். போறேன்." நாக்கு எழவில்லை, சின்ன வயதில் அம்மாவிடம் அதற்காக வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது. கூடத்திலிருந்து எலக்ட்ரீஷியன் எழுந்தே வந்துவிட்டார்.

"எங்க போறே?" என்றார், முகம் வெளிறி.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கிண்ணம் நழுவியது. எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். அவரும் நின்று கேட்டார். நடுவில் ஒரு "ம்"கூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பெண்ணின் அம்மா தலைமை ஆசிரியையின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைவிரிக்கும் பேச்சை நான்காவது முறையாகக் கேட்கத் தயாரான முகம். தலைமை ஆசிரியை ஆரம்பிப்பதற்குள் ரேடியோ குறுக்கே புகுந்தாள்.

"மேடம், தப்பு பிள்ளைமேல இல்ல. என் வாய்மேல." சொல்ல வேண்டியதை ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவள் வாழ்க்கையில் அதுதான் மிகச் சிறிய பேச்சு.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இன்னிக்கே பாத்துடுவோம். நீங்க சொல்றது நிஜம்னா, பிள்ளை இங்கதான் படிக்கும்."

மூன்றரைக்கு எல்லோரும் தாழ்வாரத்தில் தள்ளி நின்றார்கள். ரேடியோ நீதிபதியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நான் போறேன். இன்னிக்கு வர மாட்டேன். திங்கட்கிழமை எட்டரைக்கு வருவேன்."

பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். "திங்கள் எட்டரை" என்றாள். பையை மாட்டிக்கொண்டு, ஆயா கை நீட்டுவதற்குக்கூடக் காத்திராமல், வேனை நோக்கி நடந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. தலைமை ஆசிரியை அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, "திங்கட்கிழமை அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வந்து ரேடியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை.

"அக்கா, இவளுக்கு யாரும் வேணாம், இவ தனி உலகம்னுதான் எட்டு வருஷமா எல்லாரும் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. இவ ஒருத்தருக்காகக் காத்திருந்தான்னு நீங்கதான் மொதல்ல சொல்றீங்க."

ரேடியோவுக்கு 'நான்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும்' என்று தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இருவரும் பிடித்த கையை விடாமல் வேன் வரைக்கும் நடந்துபோய் நின்றார்கள். மூன்று நாற்பது பஸ் எப்போதோ போயிருந்தது.

வேன் ஜன்னல் திறந்தது. நீதிபதி எட்டிப் பார்த்தாள். அம்மாவை அல்ல, ரேடியோவை.

"போறேன்னு சொன்னீங்க" என்றாள். "போகல."

ரேடியோ அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டு, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, வாசலைத் தாண்டிப் போனாள்.