பத்து நிமிடப் படிப்பு

லீட்ஸ் நகரத்துப் பள்ளியில் என் மகள் கோமதியை அவளுடைய டீச்சர் தினமும் தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். பத்தே நிமிடம். உடனே "குட் கேர்ள்" என்று விளையாட அனுப்பிவிடுவார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் நான்தான் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நம் பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாரோ? ஒருநாள் துணிந்து, "இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்களேன்" என்றேன். "அழைத்துப்போக நீங்கள் வரத் தாமதமானால் கவலைப்படாதீர்கள், பொம்மைகளோடு இருக்கட்டும்" என்று தோளைத் தட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

சங்கரன்கோவிலில் வளர்ந்தவர்களுக்கு என் பதற்றம் புரியும். டியூஷனுக்குப் போன பிள்ளை இருட்டுமுன் திரும்பினால், எங்கள் தெருவில் அம்மாக்கள் கையோடு வாத்தியாரிடம் இழுத்துக்கொண்டு போய், "என்ன சார்வாள், இப்பமே விட்டுட்டிய? மேலுக்குச் சொகமில்லையா?" என்பார்கள். அவரும் பயந்துபோய், தெரிந்த வாய்ப்பாட்டையே மறுபடி சொல்லவைப்பார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே கத்துவோம்.

அப்பாவின் ஏரோகிராம் ஒவ்வொன்றிலும், "பேத்தி தமிழ் பேசுதாளா?" என்ற கேள்வி இருக்கும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இவளோ தமிழை மறந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சார்வாள் ஆனேன். காலையில் எடுத்த சிலேட்டை மதியம்தான் வைக்கவிடுவேன். முதலில் சிலேட்டைக் கண்டால் அவளுக்கு வயிறு வலித்தது. பிறகு தமிழைக் கேட்டாலே வலித்தது. கடைசியில் டீச்சர் வழிக்கே வந்தேன். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து, ஒரு சொல். உடனே சிலேட்டை அலமாரிமேல் வைத்துவிடுவேன். சில வாரங்களில் அவளே அடுப்படிக்கு வந்து, "இன்னைக்கு என்ன எழுத்தும்மா?" என்றாள். சந்தோஷம்தான். ஆனாலும் பிள்ளையை ஏமாற்றுகிறேனோ என்றொரு குறுகுறுப்பு.

லீவில் ஊருக்கு வந்ததும் அப்பா அவளை என் பழைய சார்வாளிடமே அனுப்பினார். நான் துணைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கோமதி சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, எங்க போற?"

"படிச்சாச்சு சார்வாள். தாத்தாட்ட வாசிச்சுக் காட்டணும். நாளைக்கு வாரேன்."

சார்வாள் என்னைப் பார்த்தார். "என்னம்மா, உம் மக எனக்குல்லா லீவு விட்டுட்டுப் போறா!"

அவளை இழுத்துவர அவசரமாக ஒரு காலில் செருப்பை மாட்டினேன். அதற்குள் தெருக்கோடியிலிருந்து "தாத்தா, கேளுங்க!" என்ற அவள் குரல் வந்தது. மற்றச் செருப்பைக் கையில் பிடித்தபடி, வெறுங்கால் சார்வாள் வீட்டுப் படியில் இருக்க, அப்படியே நின்றேன்.